பழனியின் வலது காது

ரூபாவைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒருவர் அவளைப் பாடச் சொல்லிவிட்டார். ரூபாவுக்குப் பாட வராது. பள்ளிக்கூடப் பிரார்த்தனையிலேயே வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றவள். மறுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு அம்மன் பாட்டை ஒப்பேற்றி முடித்தாள். பெரியவர்கள் எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இருவரையும் தனியாகப் பேச விட்டபோது அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

"இன்னாத்துக்கு சிரிச்சீங்க?"

"ஒரே பாட்டுல மூணு தடவ வீடு மாறிட்டீங்க" என்றான் பழனி.

அவளுக்குக் கோபம் வந்தது. எந்த வீடு, யார் மாறினது என்று கேட்டாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு பொறுமையாகச் சொன்னான். எந்தப் பாட்டுக்கும் ஒரு வீடு உண்டு, அதுதான் ச. மற்ற ஸ்வரமெல்லாம் அந்த வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. ம-வில் நின்றால் இன்னும் எங்கேயோ போகவேண்டியது பாக்கி இருக்கிற மாதிரி இருக்கும். ப நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும். நி வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வா, உள்ளே வா என்று இழுக்கும். எந்த ஊர் ஆள் எந்த பாஷையில் பாடினாலும் இது மாறாது.

"எனக்கு அப்டில்லாம் ஒண்ணும் தெரியாது. சத்தம்னா சத்தம், அவ்ளோதான்" என்றாள் ரூபா.

"பரவால்ல. ஒரு வீட்டுக்கு ஒரு காது போதும்" என்றான். அந்த இடத்திலேயே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் தெருவுக்குத் தெரு பவர்லூம் ஓடும். பழனியின் நைனா தறிக்காரர்தான். ரூபாவின் அப்பா வீட்டிலும் தறிதான், கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அண்ணனுடைய ஷெட்டில் ஊடை நூலைத் தார் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். பழனி மட்டும் தறிப் பக்கம் போகவில்லை. பஜனை கோயிலில் சனிக்கிழமை தோறும் வாசிக்கிற ஆர்மோனியத்தை யாரும் இல்லாத நேரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, ரேடியோவில் கேட்ட பாட்டைத் தேடித் தேடி விரலால் பிடித்தவன். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கட்டையை அமுக்குவான், கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றை அமுக்குவான், இது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வான். வருஷக்கணக்கில் இதே வேலை. ஒருகட்டத்தில் கேட்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது. சத்தம் வரும்போதே பெயரோடு வந்தது.

புத்தூர் புருஷோத்தமன் நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் அவன் கீபோர்டு வாசித்தான். கல்யாணம், ஜாத்திரை, விநாயக சவுத்தி மேடை, எல்லா இடத்துக்கும் போவார்கள். தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் கலந்து கேட்பார்கள். புதுப் படம் வந்த மறுநாளே பாட்டு வேண்டும் என்பார்கள். போனில் ஒருமுறை கேட்டுவிட்டு, கிளாரினெட்காரனுக்கு இது, கிட்டார்காரனுக்கு இது என்று பழனி வாயாலேயே ஸ்வரம் சொல்லிக்கொண்டு போவான். பிரேமலதா என்று திருப்பதிக்காரப் பெண் அந்தக் குழுவில் பாடினாள். பாட்டு ஆரம்பிக்கும் முன் அவள் பழனியைத்தான் பார்ப்பாள். அவன் ச-வை லேசாக அமுக்கித் தலையை அசைப்பான். அவ்வளவுதான், அவளுக்கு மேடை பயம் போய்விடும். மேடையில் இடது பக்கம் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றதில் அவனுடைய இடது காது மந்தமாகிவிட்டது. யாராவது அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலது காது இருக்கிறதே.

மகள் ஹரிதா பத்தாவது முடித்து இன்டர் படிக்கத் திருப்பதி ஹாஸ்டலுக்குப் போன வருஷம், முகூர்த்த நாட்கள் நெருக்கமாக இருந்த சமயத்தில், ஒருநாள் காலை ரூபா எழுந்தபோது பழனி வலது காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான்.

"இன்னாங்க?"

"அடைச்சிகினு கீது. உள்ள விசில் ஊதற மாதிரி ஒரு சத்தம்."

இரண்டு நாளாக அவனுக்குச் சளி. சளி இறங்கியிருக்கும் என்று இருவருமே நினைத்தார்கள். ரூபா நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறியதும் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காதில் விட்டாள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மேலும் மேலும் ப்ரோக்ராம் இருந்தது. புருஷோத்தமன் தினமும் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார நேரமில்லை. அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. விட்டதும் சரியாகிவிட்டது என்று பழனியே சொன்னான்.

அந்த வாரக் கடைசியில் புத்தூரில் ரிகர்சல். பிரேமலதா ஒரு புதுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். பழனி நடுவில் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"ஏறிகினு போற லதா. கீழ வா."

அவள் மறுபடி பாடினாள். மறுபடி நிறுத்தினான். மூன்றாவது தடவை அவன் குரல் உயர்ந்துவிட்டது. "இத்தினி வருஷமா பாடற, ச எங்க கீதுன்னு தெரியலையா ஒனக்கு?"

பிரேமலதா மைக்கைக் கீழே வைத்தாள். "அண்ணா, நான் சரியாதான் பாடறேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பழனி கிளாரினெட்காரனைப் பார்த்தான். அவன் தன் வாத்தியத்தைத் துடைக்க ஆரம்பித்தான். புருஷோத்தமன் தன்னுடைய போனை எடுத்து, ஸ்ருதி காட்டுகிற ஒரு ஆப்பைத் திறந்து, பிரேமலதாவிடம் நீட்டி ஒரு ச பாடச் சொன்னார். பாடினாள். முள் நடுவில் போய் அசையாமல் நின்றது. அவர் அந்தப் போனைப் பழனியின் முன்னால் வைத்தார்.

பழனி வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கீபோர்டை எடுத்துப் போட்டு ஒரே ஒரு கட்டையை அமுக்கினான். விட்டான். மறுபடி அமுக்கினான். சமையல் கட்டிலிருந்து ரூபா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுதான அமுக்கறேன்?" என்று கேட்டான்.

"ஒண்ணுதான்."

"எனக்கு ரெண்டு கேக்குது ரூபா."

திருப்பதியில் காது டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பார்க்கும் முன் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் பழனியை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கவேண்டும் என்று சொன்னார்கள். ரூபா வெளியே பெஞ்சில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மிஷினில் பட்டனை அமுக்குகிற பெண்ணின் விரலும் தெரிந்தது, உள்ளே உட்கார்ந்திருந்த பழனியும் தெரிந்தான். முதலில் அந்தப் பெண் அமுக்க அமுக்க அவன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். பிறகு விரல் அமுக்கியது, கை தூக்கவில்லை. மறுபடி அமுக்கியது. அவன் மடியில் கையை வைத்துக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காகக் கவனமாக, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி காத்திருந்தான். இப்ப, இப்ப தூக்குங்க என்று ரூபாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கண்ணாடியைத் தட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. தட்டி என்ன ஆகப்போகிறது? கையைத்தானே தூக்க வைக்க முடியும்.

டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "கொஞ்செம் முந்தே ஒச்சுண்டே பாகுண்டேதி" என்றார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று எல்லா டாக்டரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் இவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார், அதனால் இன்னும் பயமாக இருந்தது. இது சளி இல்லை, உள்ளே நரம்பில் வந்த கோளாறு, திடீரென்று வரும், ஏன் என்று பலபேருக்குக் கடைசிவரை தெரியாது என்றார். முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்திருந்தால் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம், இப்போதும் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார்.

"காதுல எண்ணெ ஊத்தினேன் சார்" என்றாள் ரூபா. "அதனாலயா?"

"அதனால இல்லம்மா. அதால ஒண்ணும் ஆகல" என்றார். நல்லதும் ஆகவில்லை, கெட்டதும் ஆகவில்லை என்றுதான் அவர் சொன்னார். ரூபாவுக்கு, தான் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்த நாட்கள்தான் அந்த முதல் நாட்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது.

மாத்திரை சாப்பிட்டான். காதுக்குள்ளேயே ஊசியும் போட்டார்கள். பேச்சு முன்னைவிட நன்றாகக் கேட்டது. ஆனால் பாட்டு திரும்பவில்லை. வலது காதில் எல்லாமே ஏறிக் கேட்டது. இடது காது மந்தமாக இருந்தாலும் இருக்கிற இடத்திலேயே இருந்தது. வலது காதை அடைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தான். இடது காதுக்கு அந்த அளவு தெம்பு இல்லை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்கிற மாதிரிதான் இருந்தது. மேடைச் சத்தத்துக்கு முன்னால் அடைத்த காதும் அடைபடாது, எலும்பு வழியாகவே உள்ளே போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பழனி ஒரு முடிவுக்கு வந்தான். "மொதல்ல எப்டி கத்துக்கினேன்? ஒண்ணொண்ணா கேட்டுதான? திரும்பக் கத்துக்கறேன். எவ்ளோ ஏறிக் கேக்குதுன்னு காதுக்குப் பழக்கிட்டா, அத்த கழிச்சிட்டு சொல்லிடலாம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அமுக்குவதற்கு ஆள் வேண்டும். கீபோர்டின் ஒவ்வொரு கட்டையிலும் சின்னச் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, ச, சின்ன ரி, பெரிய ரி, சின்ன க, பெரிய க என்று ரூபாவுக்குப் புரிகிற மாதிரி எழுதினான். அவள் ஷெட்டிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு கீபோர்டின் முன்னால் உட்காருவாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவான். முதலில் அவள் ச-வை அமுக்கவேண்டும். வீடு இதுதான் என்று அவனுக்குக் காட்ட. பிறகு தன் இஷ்டத்துக்கு இன்னொன்று. அவன் பெயர் சொல்வான். சரியா தப்பா என்று அவள் சொல்லவேண்டும்.

"பெரிய க."

"இல்லங்க. சின்ன க."

"ம்."

"ப."

"இல்ல. சின்ன த."

கழித்துச் சொல்கிற கணக்கு நிற்கவில்லை. ஏனென்றால் எல்லாக் கட்டையும் ஒரே அளவுக்கு ஏறவில்லை. கீழ்க் கட்டைகள் ஏறக்குறைய சரியாகக் கேட்டன. நடுவில் இருப்பவற்றில் ஒன்று அரைக்கட்டை ஏறியது, அதற்குப் பக்கத்தில் இருந்தது இன்னும் கொஞ்சம் அதிகமாக ஏறியது. மேலே போனால் ஸ்வரமாகவே கேட்கவில்லை, தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. இன்றைக்கு ஒரு கணக்குப் போட்டால் நாளைக்குக் காது வேறு கணக்குச் சொன்னது. ரூபாவுக்கு அவன் முகம் தெரியாது. முதுகும் கழுத்தும்தான் தெரியும். ஒவ்வொரு "இல்ல"வுக்கும் அந்தக் கழுத்து கொஞ்சம் உள்ளே இறங்கும்.

ஒரு சாயந்திரம் அவள் பெரிய ரி-யை அமுக்கினாள். அவன் ரொம்ப நேரம் யோசித்தான்.

"சின்ன க?"

"சரி" என்றாள் ரூபா.

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் அதுதான் வந்தது. அவன் சட்டென்று திரும்பினான். "சரியா?"

"சரிங்க."

அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு நிமிர்ந்துவிட்டது. இன்னொண்ணு அமுக்கு என்றான். அதுவும் தப்பு. அதற்கும் சரி என்றாள்.

மறுநாள் நிஜத்தைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். ஆனால் அன்று காலை அவன் தானாகவே கடைக்குப் போய் மீன் வாங்கிவந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டான். ஹரிதாவுக்குப் போன் செய்து, காது வந்துகினே கீதும்மா, நீ நல்லாப் படி என்று சிரித்துப் பேசினான். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு ரூபா அன்றும் சரி என்றுதான் சொன்னாள். பொய்யைச் சாமர்த்தியமாகச் சொல்லவும் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் சரி என்றால் சந்தேகப்படுவான். அதனால் நடுநடுவே ஒரு "இல்லங்க" போட்டாள். போகப் போக அந்த "இல்லங்க"வையும் குறைத்தாள், பையப் பையத் தேறி வருகிறவனுக்கு எப்படிக் குறையுமோ அப்படி. காதும் தானாகத் திரும்பி வந்துவிடும், வந்துவிட்டால் தான் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடும் என்று அவள் நம்பினாள். தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது வேண்டிக்கொண்டாள். திருப்பதி மலைக்கு நடந்து வருகிறேன் என்று காசு முடிந்துவைத்தாள்.

அவன் புருஷோத்தமனுக்குப் போன் செய்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

"அண்ணா, காது வந்துடுச்சி. எல்லா ஸ்வரமும் சொல்றேன். நெசமா. வேணும்னா ரூபாவக் கேளுங்க."

போனை அவளிடம் நீட்டினான். ரூபா வாங்கிக்கொண்டாள். "இன்னாம்மா, சொல்றானா?" என்று கேட்டார் புருஷோத்தமன். பழனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்றாருண்ணா" என்றாள்.

வடமாலபேட்டையில் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரிசப்ஷன். நீயும் வா என்று பழனி கூப்பிட்டான். வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவன் மேடையில் நின்றான். பிரேமலதா அவன் அருகில் வந்து, "நல்லாருக்கீங்களாண்ணா" என்று கேட்டாள். அவன் அவள் தலையில் லேசாகத் தட்டினான். அன்றைக்கு ரிகர்சலில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

முதல் நாலைந்து பாட்டு பழைய பாட்டு. விரலுக்கே தெரிந்தவை. காது தேவைப்படவில்லை. ரூபா நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போது பெண்ணின் மாமா ஒருத்தர் மேடைக்கு வந்து, போனில் ஒரு புதுத் தெலுங்குப் பாட்டைப் போட்டுக் காட்டி, இதைத்தான் பாடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பிரேமலதாவுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. புருஷோத்தமன் தயங்கினார். பழனி, "குடுங்க, பாத்துக்கலாம்" என்று போனை வாங்கி வலது காதில் வைத்துக்கொண்டான். பழைய பழக்கம் மாதிரியே கண்ணை மூடினான். தலையாட்டினான். பிரேமலதாவைப் பார்த்து ச கொடுத்தான்.

அவள் பாட ஆரம்பித்தாள். அவன் வாசிக்க ஆரம்பித்தான்.

ரூபாவுக்கு இசை தெரியாது. சத்தம்னா சத்தம் என்று சொன்னவள். அவளுக்கே உடம்பு கூசியது. குரல் ஒரு பக்கம் போனது, கீபோர்டு ஒரு பக்கம் போனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலேஜ் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் படம்பிடித்தார்கள். பிரேமலதா ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, தன் குரலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவள் மாதிரிப் பாடினாள். பழனி மட்டும் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தான். ரூபா இருக்கும் பக்கம் பார்த்துப் புருவத்தைத் தூக்கிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

புருஷோத்தமன் சத்தம் கூட்டிக் குறைக்கிற பெட்டியிடம் போய் ஒரு பட்டனைக் கீழே இழுத்தார். கூட்டத்துக்குக் கீபோர்டு கேட்பது நின்றது. பழனிக்கு முன்னால் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில் அவன் வாசிப்பது அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதனால் அவனுக்குத் தெரியவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும், ஒருவருக்கும் கேட்காத வாசிப்பை அவன் விரலெல்லாம் ஓட வாசித்தான். கைதட்டல் வந்தபோது தலை குனிந்து கும்பிட்டான்.

சாப்பிட்டு முடித்து வண்டியில் சாமான் ஏற்றும்போது புருஷோத்தமன் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். ரூபாவுக்குப் பேச்சு கேட்கவில்லை. பழனி முதலில் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னதும், பிறகு சிரிப்பு நின்றதும் தெரிந்தது. காலேஜ் பிள்ளைகள் எடுத்த வீடியோவை, கூட்டம் சிரித்ததும் அதில் விழுந்திருந்தது, அவர் காட்டினார். பழனி அதைப் பார்த்துவிட்டு, தூரத்திலிருந்து ரூபாவைப் பார்த்தான்.

குழுவின் வண்டியில் ஏறவில்லை. ரோட்டோரம் நின்று பஸ் பிடித்தார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. புத்தூர் தாண்டுகிற வரை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"நீ சரி சரின்னு சொன்னியே."

ரூபா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா."

"ஒண்ணாவது நெசமாவே சரியா சொன்னேனா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லக்கூடாது என்று யோசித்தாள். "ச சொன்னீங்க. ச எப்பவும் சரியா சொன்னீங்க."

"அத்ததான் நீ மொதல்லியே அமுக்கிக் காட்டுவியே" என்றான்.

ஊர் வந்ததும் இறங்கி முன்னால் நடந்தான். அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் திட்டுவான் என்று நினைத்தாள். மறுநாளும் திட்டவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. "கோவம் வரலையா உங்களுக்கு?" என்று அவளே வாயைவிட்டுக் கேட்டாள்.

"யார் மேல வரணும்?" என்றான். நிஜமாகவே தெரியாமல் கேட்டான். "தப்பா கேட்டது என் காது. சரின்னு சொன்னது உன் வாய். நடுவுல நான் எங்க போய் கோவப்படறது?"

கீபோர்டை ஒரு பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்தான். திருப்பதியிலேயே வேறொரு டாக்டரைப் பார்த்தார்கள். காதில் வைக்கிற மிஷின் கொடுத்தார். பேச்சுக்கு அது உதவியது. பாட்டுக்கு வைத்துப் பார்த்தான், ஏறிக் கேட்டதெல்லாம் இப்போது உரக்க ஏறிக் கேட்டது. இனிமேல் மாறுமா என்று ரூபா கேட்டாள். சிலபேருக்கு நாளாவட்டத்தில் பழகிவிடும் என்றார் டாக்டர். மாறும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் திரும்பக் கேட்கவில்லை.

ரேணிகுண்டாவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனியின் குடோனில் அவனுக்கு வேலை கிடைத்தது. லாரியில் ஏறுகிற சரக்கைச் சரிபார்க்கிற வேலை. காலையில் ரயிலில் போய் சாயந்திரம் ரயிலில் வருவான். வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டான். நல்ல மனுஷங்க என்பான். ஹரிதா லீவுக்கு வரும்போது பாட்டுக் கேட்கவேண்டுமென்றால் மாடிக்குப் போய் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள். டிவியில் பாட்டு வந்தால் ரூபா சேனலை மாற்றினாள். யாரும் பேசிவைத்துச் செய்ததல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமலதா வந்தாள். பழங்கள் வாங்கி வந்திருந்தாள். ஆர்க்கெஸ்ட்ராவில் இப்போது கீபோர்டுக்கு ஆளே போடவில்லை, பென் டிரைவில் பின்னணி இசையைப் போட்டுவிட்டு மேலே பாடுவதுதான் என்றாள். "அது பாட்டுக்கு ஓடும்ணா. நான் மூச்சு வாங்கினாக்கூட நிக்காது" என்றாள். பழனி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டான். எந்தெந்தப் பாட்டு, யார் டிரம், சவுண்ட் எப்படி என்று விசாரித்தான். போகும்போது அவள் தயங்கித் தயங்கி, ஒரு டிவி பாட்டுப் போட்டிக்கு அனுப்பப்போகிறேன், எங்கே தப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று போனில் பதிவு செய்த பாட்டை எடுத்தாள். பழனி போனை வாங்கவில்லை.

"என்ன கேக்காத லதா. நான் இப்போ தப்புன்னு சொன்னா நீ சரியானத மாத்திடுவ."

அவள் போன பிறகு ரூபா முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தாள். அவன் எதிரில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, இத்தனை மாதமாக மனசில் வைத்திருந்ததை அவள் கேட்டாள்.

"நான் பேசறது எப்டிங்க கேக்குது?"

அவன் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டாத்தான் கேக்குது. நீ ஒருத்தி பேசற. உனக்குப் பின்னால இன்னொருத்தி, கொஞ்சம் மேல, அதையே சொல்லிகினு வரா."

"ரெண்டுல எது நானு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே, அங்கே எழுதி ஒட்டியிருக்கும் என்பது போலப் பார்த்தான்.

"மொதல்ல தெரிஞ்சிகினு இருந்துச்சி" என்றான். "இப்போ கொஞ்ச நாளா தெரியல."

ரூபா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். எதைச் சொன்னாலும் அதையும் இரண்டு பேர் சொல்வார்களே என்று தோன்றியது. ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு, அவன் பக்கம் இன்னும் ஒரு கொத்தைத் தள்ளினாள்.